ஓடாத படமும் ஓய்ந்த இயக்குநரும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

ஒரு படத்தைப் பற்றி நாம் நண்பரிடம் புகழ்ந்து பேசத் தொடங்கினால், அவர் கேட்கும் முதற் கேள்வி "எத்தனை நாள் ஓடியது?" என்பதுதான். நூறு நாள் என்றால் மரியாதையோடு தலையசைப்பார். ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள் என்றால், "அப்புறம் என்னய்யா பெரிய படம்?" என்று பேச்சை முடித்துவிடுவார். இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. ஓடாத படமே உயர்ந்த படம், கூட்டம் வந்துவிட்டால் அது கலையாகாது என்பது அவர்கள் வாதம். விடுதி அறைகளில் இரவு பன்னிரண்டு மணிவரை இந்த இரு கட்சியாரும் மோதிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து. படத்தின் தகுதியையும் வசூலையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் 'கல்ட்' என்று ஒரு சொல் வழங்குகிறது. ஒரு சிறு கூட்டம் ஒரு படத்தையோ இயக்குநரையோ விடாப்பிடியாகப் போற்றிவருவதை அது குறிக்கும். கூட்டம் சிறிது, பற்று பெரிது. தமிழில் அவ்வாறு போற்றப்படும் இயக்குநர்களைக் கணக்கெடுத்தால், முதல் சில பெயர்களுக்குள் ருத்ரய்யா வந்துவிடுவார். நம் சேலம் மாவட்டத்துக்காரர். இயற்பெயர் ஆறுமுகம். சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். எடுத்து வெளியிட்ட படங்கள் இரண்டே. 1978இல் 'அவள் அப்படித்தான்', 1980இல் 'கிராமத்து அத்தியாயம்'. அதன் பின்னர், 2014 நவம்பர் 18 அன்று காலமாகும் வரை, 34 ஆண்டுகள் அவர் இயக்கத்தில் மூன்றாவது படம் வெளிவரவில்லை. கமல்ஹாசனை வைத்து 'ராஜா என்னை மன்னித்துவிடு' என்ற படத்துக்கு ஏற்பாடு நடந்தது. அதுவும் கைவிடப்பட்டது.

இவருக்கு ஒரு வெற்றிப்படம் தேவையாக இருந்ததா? இந்தக் கேள்விக்கு விடை காண, அவருடைய முதற்படத்தையும் அதே ஆண்டில் வந்த இன்னொரு படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

1978 ஆகஸ்டு 15 அன்று மகேந்திரன் இயக்கிய முதற்படமான 'முள்ளும் மலரும்' வெளிவந்தது. அக்டோபர் 30 அன்று, தீபாவளியை ஒட்டி, 'அவள் அப்படித்தான்' வெளிவந்தது. இடையில் இரண்டரை மாதம். இரண்டிலும் ரஜினிகாந்த் நடித்தார். இரண்டுக்கும் இளையராஜா இசை. இரண்டு இயக்குநர்களுக்கும் அதுவே முதற்படம். அந்த ஆண்டுக்கான தமிழக அரசின் விருதுகளில் முதற் சிறந்த படம் 'முள்ளும் மலரும்', இரண்டாவது சிறந்த படம் 'அவள் அப்படித்தான்'. நடுவர்கள் இரண்டையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்த்தினார்கள். கொட்டகைகளோ ஒன்றை மேடையேற்றி, மற்றொன்றை வாசலோடு அனுப்பிவிட்டன.

'முள்ளும் மலரும்' கூடத் தப்பிப் பிழைத்த படம்தான் என்பதை மறக்கலாகாது. உமாசந்திரனின் நாவல் கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றது. பாலுமகேந்திரா ஒளிப்பதிவு. இருந்தும் தயாரிப்பாளர் வேணு செட்டியாருக்குப் படத்தின் மேல் நம்பிக்கை இல்லை. 'தங்கப்பதக்கம்' போன்ற படங்களுக்கு வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர் மகேந்திரன். அவரை இயக்குநராக்கினால் வசனமழை பொழியும் என்று எதிர்பார்த்தவருக்கு, பேச்சு குறைந்த படம் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்! எஞ்சியிருந்த ஒரு பாடற்காட்சியை எடுக்கப் பணம் தர அவர் மறுத்தபோது, படத்தில் நடிக்காத கமல்ஹாசன் செலவை ஏற்று அதை எடுக்கச் செய்தார். வெளியான புதிதிலும் கொட்டகைகளில் கூட்டமில்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்ல, சில வாரங்கள் சென்றபின் கூட்டம் கூடி, படம் நூறு நாளைத் தாண்டியது. அந்தச் சில வாரங்கள் கொட்டகைக்காரர்கள் பொறுத்திருந்தார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்வோம். மேலே சொல்லப்போகும் செய்திக்கு இது தேவைப்படும்.

'அவள் அப்படித்தான்' படத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும் கிடைக்கவில்லை. தீபாவளிக்குப் புத்தாடை உடுத்தி வந்த ரசிகன் முன்னே கறுப்பு வெள்ளையில், பெரும்பகுதி பேச்சாகவே நகரும் படம் வைக்கப்பட்டது. அதே தீபாவளியை ஒட்டி வண்ணத்தில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்திருந்தது, அதிலும் கமல்ஹாசன். ரசிகன் எந்த வரிசையில் நின்றிருப்பான் என்று கேட்கவும் வேண்டுமோ?

ஆனால் தீபாவளியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. 'முள்ளும் மலரும்' காளி முரடன், கர்வி. ஆனாலும் தங்கைக்காக உயிரையே விடுபவன். 'பாசமலர்' பார்த்து அழுத தாய்மார்களுக்கு அவனைப் புரிந்துகொள்வது எளிது. 'அவள் அப்படித்தான்' மஞ்சு, விளம்பர நிறுவனத்தில் பணியாற்றும் பெண். ஆண்களால் பலமுறை காயம்பட்டவள். ஆனால் அதைச் சொல்லி நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. ஒரு நேரம் அன்போடு பேசுவாள், மறுநேரம் எரிந்து விழுவாள். பெண்களின் நிலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவரும் அருண் நல்லவன்தான். ஆனால் அவனும் கடைசியில் கேள்வி கேட்காத ஒரு பெண்ணை மணந்துகொண்டு வந்து நிற்கிறான். ரஜினிகாந்தின் தியாகுவோ நெற்றியில் திருநீறும் கையில் மதுக்கிண்ணமுமாகப் பெண்களை இகழ்ந்து பேசுபவன். படம் பார்த்த ஆண்களில் பலர் அருணிடமும் தியாகுவிடமும் தங்களைக் கண்டிருப்பார்கள். காசு கொடுத்துக் கண்ணாடி பார்க்க எல்லாரும் விரும்புவதில்லை. வண்ணநிலவன், பின்னாளில் கே. ராஜேஷ்வர் என்று அறியப்பட்ட சோமசுந்தரேஷ்வர் ஆகியோர் எழுத்தில் உறுதுணையாக இருந்தனர். நல்லுசாமி, ஞானசேகரன் இருவரும் செய்த ஒளிப்பதிவுக்கும் அரசு விருது கிடைத்தது. 2013இல் ஒரு தேசியத் தொலைக்காட்சி இந்தியாவின் தலைசிறந்த 100 படங்களைத் தொகுத்தபோது அதில் இப்படமும் இடம்பெற்றது. வெளியாகி 35 ஆண்டுகள் கழித்து!

ஆக, படம் நிலைத்துவிட்டது. வசூல் இல்லாமலே நிலைத்துவிட்டது. இந்த மட்டில் முதற் கட்சியார் தோற்றார்கள். ஆனால் இரண்டாம் கட்சியார் மகிழ்ந்து கைதட்டுவதற்கு முன்னர், வசூல் என்பது எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சற்றுப் பார்க்கவேண்டும். பொருளியல் மாணவன் என்ற முறையில் இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

நாம் சீட்டு வாங்கக் கொடுக்கும் பணம் நேரே தயாரிப்பாளரின் பெட்டிக்குப் போவதில்லை. திரைப்பட வணிகத்தில் தமிழ்நாடு சில 'ஏரியா'க்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னை நகரம், ஆர்க்காட்டுப் பகுதிகளை உள்ளடக்கிய செங்கற்பட்டு, கோவை, மதுரை – இராமநாதபுரம், திருச்சி – தஞ்சாவூர், திருநெல்வேலி – கன்னியாகுமரி என்பவற்றோடு நம் சேலமும் ஒன்று. ஒவ்வோர் ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர். அவர் படத்தை மொத்த விலைக்கு வாங்கலாம். அல்லது 'மினிமம் கியாரண்டி' என்ற முறையில் ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்து, அந்தத் தொகையும் பிரதிச் செலவும் விளம்பரச் செலவும் தம் கமிஷனும் வந்தபின் மிஞ்சுவதைத் தயாரிப்பாளரோடு பங்கிடலாம். தயாரிப்பாளர் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கித்தான் படம் எடுக்கிறார். விநியோகஸ்தர்கள் தரும் முன்பணத்தை வைத்துத்தான் அந்தக் கடனை அடைத்துப் பெட்டியை வெளியே எடுக்கிறார்.

கொட்டகைக்காரருக்கு வேறு கணக்கு. அவருக்கு மின்சாரம், ஆட்கூலி, வரி என்று வாரச் செலவு உண்டு. வசூல் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இறங்கினால், அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பெட்டி வந்துவிடும். ஆகவே 'ஓடவில்லை' என்று நாம் சொல்வது பெரும்பாலும் முதல் ஏழு அல்லது பதினான்கு நாட்களின் தீர்ப்பைத்தான். நகரத்தில் அந்தத் தீர்ப்பு பாதகமாகிவிட்டால், அந்நாளில் பெட்டி சிற்றூர்களுக்கும், அதன்பின் டூரிங் டாக்கீசுக்கும் இறங்குவதே அரிதாகிவிடும். மலைமேல் இருப்பவனுக்கு அப்படியொரு படம் வந்ததே தெரியாமற் போகும். மக்கள் நிராகரித்தார்கள் என்று எழுதுகிறோம். மக்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

இதில் மிக முக்கியமானது இன்னொன்று. விநியோகஸ்தர் தாம் அடுத்து வாங்கப்போகும் படத்துக்கு விலை பேசும்போது பார்ப்பது கதையை அன்று, அந்த இயக்குநரின் சென்ற படத்தில் தமக்கு வந்த கணக்கை. சேலம் ஏரியாவில் கையைச் சுட்டுக்கொண்டவர் மறுமுறை அதே பெயரைக் கேட்டால் பேனாவை மூடிவிடுவார். அதிலும் ருத்ரய்யா தாமே தயாரிப்பாளரும் ஆவார். அடி விழுந்தபோது தாங்கிக்கொள்ள இடையில் எவரும் இல்லை. இரண்டாவது படமான 'கிராமத்து அத்தியாயம்' புதுமுகங்களை வைத்து எடுக்கப்பட்டது. அதன் ஒரு பாட்டு மட்டும் மக்கள் நினைவில் தங்கியது. படம் தங்கவில்லை, கதவும் மூடிவிட்டது. மகேந்திரனுக்கோ 'முள்ளும் மலரும்' வெற்றிக்குப் பின் 1979இல் 'உதிரிப்பூக்கள்', 1980இல் 'ஜானி' என்று வரிசையாகப் படங்கள் அமைந்தன. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய 'உதிரிப்பூக்க'ளை நாம் பெற்றதற்கு, 'முள்ளும் மலரும்' ஓடிய அந்த நூறு நாட்களும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலுமா?

இப்போது நம் மலையடிவாரத்துக்கு வருவோம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்து சேலத்துக்குள் நுழையும்போது, சாலையோரத்தில் ஒரு நுழைவாயில் வளைவு தென்படும். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' இருந்த இடம் அது. டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய இந்நிறுவனம் பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' (1938) இதன் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இதன் தயாரிப்பே. கலைஞர் கருணாநிதி, கண்ணதாசன் ஆகியோர் இங்கே பணியாற்றியவர்கள். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 'மந்திரி குமாரி'யை (1950) இங்கேதான் இயக்கினார்.

கலைப்படத்துக்கும் இந்நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு கலையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எங்கள் தலைச்சோலைப் பக்கம் காப்பியை மட்டும் நம்பி யாரும் தோட்டம் வைப்பதில்லை. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றுவார்கள், நடுவே ஆரஞ்சும் பலாவும் நிற்கும். காப்பி விலை சரிந்த ஆண்டில் மிளகு கைகொடுக்கும். மாடர்ன் தியேட்டர்சும் அப்படிப்பட்ட தோட்டந்தான். சொந்தப் படப்பிடிப்புத் தளம், மாதச் சம்பளத்துக்குக் கலைஞர்கள், ஆண்டுக்குப் பல படங்கள். ஒன்று படுத்தால் மற்றொன்று தூக்கிவிடும். ஒரு படம் தோற்றதால் அதன் இயக்குநர் வீட்டில் அடுப்பு எரியாமற் போகாது. அந்த முறையில் முதலாளியின் கெடுபிடிக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ருத்ரய்யா போன்ற ஒருவர் சுந்தரத்திடம் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருப்பாரா என்பது ஐயமே! ஆயினும் எழுபதுகளில் அத்தகைய பெருநிறுவனங்கள் தளர்ந்து, படத்துக்குப் படம் கடன் வாங்கும் முறை வந்தபோது, இயக்குநருக்குச் சுதந்திரமும் வந்தது, ஒரே அடியில் வீழும் ஆபத்தும் சேர்ந்தே வந்தது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. குருதத் 1957இல் 'பியாசா'வில் வென்றார். 1959இல் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' எடுத்துத் தோற்றார். அதன் பின் 1964இல் இறக்கும் வரை எந்தப் படத்திலும் இயக்குநர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. 'காகஸ் கே பூல்' இன்று உலகெங்கும் போற்றப்படுகிறது. ரித்விக் கட்டக் 1952இல் முடித்த 'நாகரிக்' திரைக்கு வந்தது 1977இல், அவர் மறைந்த மறுவருடம். வங்காளப் பிரிவினையின் துயரைச் சொன்ன 'மேகே டாக்கா தாரா' (1960) ஒன்றுதான் அவருக்குக் கூட்டம் கூட்டிய படம் எனலாம். ஆனால் கட்டக் விஷயத்தில் நாம் கவனிக்கவேண்டிய வேறொன்று இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் அவர் பூனா திரைப்படக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். வகுப்பறைக்கு வசூல் கணக்கு கிடையாது. (இதை நம் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.)

அந்த ஜான் ஆபிரகாம்தான் 1977இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை'யை இயக்கினார். திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீநிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயை இழந்த கழுதைக்குட்டியைப் பேராசிரியர் வளர்க்கப்போக, அக்ரகாரம் கொதிக்கிறது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்பும் கிடைத்தது. கொட்டகைகளில் முறையாக ஓடவேயில்லை. 1989இல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துப் பின்வாங்கியது. வசூல் என்ற பேச்சுக்கே இடமில்லாத படம் இது. ஆயினும் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறவர் எவரும் இதைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

ஜான் அதன்பின் செய்ததுதான் வியப்பு. கேரளத்தில் 'ஒடேசா' என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கி, ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறுதொகையாகப் பணம் திரட்டினார். அந்தப் பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' உருவாயிற்று. விநியோகஸ்தரும் இல்லை, ஏரியாவும் இல்லை. பார்க்கப்போகிறவனே முன்கூட்டிப் பணம் கொடுத்துவிட்டான். அடுத்த ஆண்டே, 1987இல், ஜான் மறைந்துவிட்டதால் அந்த வழி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போயிற்று.

அரசு கைகொடுத்த வழியும் உண்டு. 1960இல் தொடங்கிய திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்ததால் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) வந்தது. பின்னர் அக்கழகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. படம் எடுக்கப் பணம் கொடுத்தார்கள், காட்டக் கொட்டகை கொடுக்கவில்லை என்ற குறை நெடுங்காலம் இருந்தது.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் முதற்பரிசான புலி விருதைப் பெற்றது. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிப்பாளர்கள். தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் வெளியிடப்படாமலே 2023 அக்டோபரில் இணையத்தில் வெளிவந்தது. அதாவது சேலம் ஏரியாவில் அதற்கு ஒரு பைசாக் கணக்கும் இல்லை. இருந்தும் அவருடைய இரண்டாம் படமான 'கொட்டுக்காளி'யை நடிகர் சிவகார்த்திகேயன் தயாரித்தார். 2024இல் பெர்லின் விழாவுக்குச் சென்று, ஆகஸ்டில் கொட்டகைகளுக்கும் வந்தது. விருதும், நம்பிப் பணம் போட ஒரு நட்சத்திரமும் இருந்தால் முதற்படத்தின் வசூல் இல்லாமலே இரண்டாவது படம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. 1980இல் ருத்ரய்யாவுக்குக் கையில் அரசு விருது இருந்தது, படத்தில் நடித்த நட்சத்திரங்களும் இருந்தார்கள். கொட்டகையைத் தவிர வேறு வாசல்தான் இல்லை.

ஆகவே என் கட்சி இது. ஒரு படம் பொருட்படுத்தப்பட வசூல் வேண்டியதில்லை. ஆனால் அதை எடுத்தவர் மறுபடியும் காமிராவுக்குப் பின்னால் நிற்க வசூலோ, வசூலின் இடத்தில் வேறொருவரின் கையோ வேண்டும். இரண்டு படங்களோடு நின்ற இயக்குநரை மேதை என்று போற்றுவதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது படங்களில் அவர் தடுமாறியிருக்கலாம், முதற்படத்தை மிஞ்சியும் இருக்கலாம். அந்த இரண்டையும் பார்க்கும் உரிமையை நாம் இழந்துவிட்டோம். இழந்ததற்கு ஈடாகத்தான் அவர் பெயரைச் சுற்றி அத்தனை கதைகள் பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விடுமுறையில் பொழுதிருப்பவர்கள் 'முள்ளும் மலரும்' படத்தை ஒரு நாளும் 'அவள் அப்படித்தான்' படத்தை மறுநாளும் பாருங்கள். வரிசை மாறக்கூடாது. இரண்டாவதில் கடைசிக் கார்ப் பயணம் வரும்போது எழுந்துவிடாதீர்கள். அருணின் புது மனைவியாக வரும் சரிதாவிடம் மஞ்சு பெண் விடுதலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாள். தெரியாது என்று பதில் வரும். அப்போது மஞ்சுவின் முகத்தைப் பாருங்கள்.